கொடியில் ஒரு கிளிப் குறைவு

அன்றைக்கும் கொடியில் ஒரு கிளிப் குறைந்திருந்தது. மகள் நிருஷாவின் மஞ்சள் சட்டை ஒரு தோளில் மட்டும் தொங்க, மற்றத் தோள் மணலைத் தொட்டுத் தொட்டு ஆடியது. யசோதினி சட்டையை எடுத்து உதறிவிட்டுக் காலடியில் தேடினாள், வேலியோரம் தேடினாள், கிணற்றடிச் சேற்றில்கூடக் குனிந்து பார்த்தாள். காகம் கொண்டு போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காகத்துக்கு மரக் கிளிப் எதற்கு என்று கேட்டுச் சிரிக்கக்கூடியவன் செத்துப்போய் மூன்று மாதம்.

அவளுடைய புருசன் சதீசன் இருந்தவரை உடுப்புக் காயப்போடுவது அவனுடைய வேலை. பிள்ளை பிறந்தபின் யசோதினிக்கு நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் போனது. ஈர வாளியைத் தூக்க அவளை விடமாட்டான். விடியற்காலையில் கொடியை நிறைத்துவிட்டு, மிஞ்சிய கிளிப்புகளைச் சட்டைக் கொலரில் கொழுவியபடியே வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான். ஐஸ் பெக்டரியில் எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, கிளிப்புகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான்.

மாசியில் ஒரு பின்னேரம் கறண்ட் போனது. ஐஸ் உடைக்கும் மெசின் பாதிக் கட்டியோடு நின்றுவிட்டால், பற்களில் ஒட்டிய ஐஸ் இறுகமுன் யாராவது மேலே ஏறி, அதன் வாய்க்குள் இறங்கி, கம்பியால் சுரண்டி எடுக்க வேண்டும். சதீசன் இறங்கினான். கறண்ட் வந்தது. மெசின் ஓடியது. அதற்குமேல் யாரும் அவளுக்கு விபரம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டியை மூடியபடிதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மரண விசாரணையில் காரணம் ஒரு வரியில் முடிந்தது. அவனே ஸ்டார்ட்டருக்குக் கட்டை வைத்திருந்தான் என்றார்கள்.

கட்டை வைப்பது என்றால் அந்தப் பக்கத்து ஆலைகளில் எல்லாருக்கும் விளங்கும். மோட்டரைத் தொடக்கிவிடும் ஸ்டார்ட்டருக்குள் ஒரு தட்டு உண்டு. கொயிலுக்குக் கறண்ட் வந்ததும் அது காந்தமாகித் தட்டை டக்கென்று உள்ளே இழுத்து ஒட்டவைக்கும், மோட்டர் ஓடும். கறண்ட் போனாலோ வோல்டேஜ் விழுந்தாலோ தட்டு விட்டுவிடும். பிறகு ஒருவர் போய்ப் பொத்தானை அமுக்கும்வரை மோட்டர் ஓடாது. அது ஆளைக் காக்கிற ஏற்பாடு. ஆனால் பொழுதுபடும் நேரம் ஊரெல்லாம் லைட் போட, வோல்டேஜ் விழுந்து விழுந்து எழும்ப, தட்டு டறடறவென்று அடித்து வேலையைக் கெடுக்கும். அந்த அரியண்டம் தாங்காமல் தட்டை உள்ளே அமுக்கி, அதன் வெளிப்பக்கத்தில் ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவார்கள். அதற்குப் பிறகு தட்டு விடாது. கறண்ட் போய் வந்தால் மெசின் தானாக ஓடும். உள்ளே யார் நிற்கிறார்கள் என்று மெசின் பார்ப்பதில்லை.

"ஸ்டார்ட்டருக்குள்ள உடுப்புக் கிளிப்புட பாதி ஒண்டு செருகிக் கிடந்திச்சு. கழட்டின நான்தான்." ஒப்பறேட்டர் இப்றாஹிம் நானா விசாரணையில் சொன்னது அவ்வளவுதான். மற்றப் பாதி சதீசனின் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் போன், திறப்பு, பர்ஸ் இவற்றோடு சேர்த்து அதையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். இனி யார் என்ன பேச முடியும்?

யசோதினி மட்டும் நம்பவில்லை. கட்டை வைத்தவனைக் கண்டால் கையை முறிப்பேன் என்று கத்துகிறவன் அவன். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அந்தத் தட்டைப் பற்றி முதல் பாடம் படித்த அன்றே, இதற்குள் கட்டை வைக்கிறவன் கொலைகாரன் என்று எழும்பி நின்று சொன்னவன். இப்போது ஊர் அவனைத்தான் அப்படிச் சொல்கிறது. தன் கையாலேயே தன்னைக் கொன்றவன், மூளையில்லாதவன். நிருஷா வளர்ந்து பள்ளிக்கூடம் போனால் இந்தக் கதைதான் அவளுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். 

செங்கலடியில், பதுளை வீதியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது கனகசிங்கம் அண்ணனின் மோட்டருக்குக் கம்பி சுத்தும் கடை. யசோதினிக்கு அங்கேதான் வேலை. அன்று அவள் போனபோது மேசையில் ஒரு ஸ்டார்ட்டர் கிடந்தது. வார்னிஷ் வெந்த நாற்றம் வாசலிலேயே முகத்தில் அடித்தது.

"எங்கயால வந்தது அண்ணன்?"

கனகசிங்கம் அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது. "வாழைச்சேனையால. ஐஸ் உடைக்கிற மெசின்ட. புதுசு போட்டு ஒரு கிழமைதான், மறுகாவும் கொயில் எரிஞ்சிட்டு. நீ தொட வேணா புள்ள, நான் பாக்கன்."

அவள் தொட்டாள். ஆணிகளைக் கழற்றிப் பிரித்தாள். கொயில் கறுத்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இப்படி எரிவதற்கு ஒரே ஒரு காரணம்தான். தட்டு முழுதாக உள்ளே வந்து ஒட்டிவிட்டால் கொயில் குளிர்ந்துவிடும். வராமல் அரைவழியில் நின்றால் இழுத்து இழுத்து வெந்து சாகும்.

"வோல்டேஜ் குறைஞ்சா அப்பிடித்தான் நிக்கும்," என்றார் கனகசிங்கம் அண்ணன். "அந்தப் பக்கம் பின்னேரத்தில கறண்ட் நொண்டுறது தெரிஞ்ச விசயந்தானே."

யசோதினி தலையாட்டினாள். அப்போதுதான் தட்டின் பின்பக்கத்து இடுக்கில் ஏதோ கரிபோல இருப்பதைக் கண்டாள். திருகாணிச்சாவியால் நெம்பினாள். கருகிய மரச் சிராய் ஒன்று மேசையில் விழுந்தது.

அவள் சிராயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.  மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷம் வந்தது. சதீசன் போனபிறகும் அங்கே யாரோ கட்டை வைக்கிறார்கள்! அப்படியென்றால் கட்டை வைக்கும் கை வேறு யாருடையதோ. வெளிப்பக்கம் வைத்த கட்டை எரிந்து பின்னால் விழுந்திருக்கிறது, வேறென்ன?

"நான் போறன் அண்ணன்."

"அவடத்த நீ போகக் கூடாதுகா."

"போறன்."

நிருஷாவைப் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி அக்காவிடம் விட்டுவிட்டு, கழற்றிய ஸ்டார்ட்டரும் புதுக் கொயிலும் மீட்டரும் பையில் போட்டுக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் ஏறினாள்.

ஐஸ் பெக்டரி ஆற்றைப் பார்த்தபடி, தோணிகள் கட்டும் துறைக்குப் பின்னால் நின்றது. உள்ளே போனதும் குளிர் கணுக்காலைப் பிடித்தது. உப்பும் மீனும் அமோனியா வாடையும் கலந்த காற்று, தகரக் கூரையிலிருந்து விடாமல் சொட்டும் தண்ணீர், சுவரே அதிரும்படி ஓடிக்கொண்டிருந்த பெரிய கொம்பிரசர். மூலையில் அந்த மெசின். ஆளுயரத்துக்குமேல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி, மேலே அகன்ற வாய், கீழே ஐஸ் கொட்டும் சரிவு. பச்சைப் பெயின்ற் புதிதாக அடித்திருந்தது. ஏன் புதிதாக அடித்தார்கள் என்று நினைக்காமலிருக்க அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

முதலாளி றிஸான் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "உங்கள அனுப்புவாங்க எண்டு நான் நினைக்கல்ல தங்கச்சி."

"என்ன பிழையெண்டு பாத்திட்டுப் போறன். வேற ஒண்டும் இல்ல."

அவர் வேலை இருப்பதாகச் சொல்லி ஓட்டமாவடிக்குப் போய்விட்டார். இப்றாஹிம் நானா மட்டும் பக்கத்தில் நின்றார். மூன்று மாதத்தில் அந்த மனிதர் பாதியாகப் போயிருந்தார்.

யசோதினி ஸ்டார்ட்டர்ப் பெட்டியைத் திறந்து கம்பி கம்பியாகப் பார்த்தாள். அமுக்கும் பொத்தான் வெறும் அலங்காரம். அதன் கம்பியைக் கழற்றி, வீட்டுச் சுவரில் இருப்பதுபோல ஒரு சாதாரண சுவிட்சில் கொடுத்திருந்தார்கள். சுவிட்ச் போட்டபடி கிடந்தால் கறண்ட் வந்ததும் மெசின் தானாகவே ஓடும். அதுவும் உப்புக்காற்றில் உள்ளே பச்சை பிடித்து, அணைத்தாலும் சில நேரம் அணையாமல் நின்றது.

"இது எப்ப மாத்தின நானா?"

"நான் வரக்குள்ளயே இப்பிடித்தான். ஒவ்வொரு தரமும் ஓடிப் போய் அமுக்க ஏலாதெண்டு ஆரோ செஞ்சது."

அவள் கை ஒரு கணம் நின்றது. சுவிட்சே இப்படி இருந்தால் கட்டை எதற்கு என்று ஒரு கேள்வி எழும்பியது. எழும்பிய உடனே அடங்கியும் போனது. அவள் தேடி வந்தது கட்டை வைத்த கையை. வேறு கேள்விக்கு அவளிடம் இடம் இல்லை.

"இதுக்குத் தனிய மெயின் சுவிட்ச் இல்லையா?"

"முன் அறையில இரிக்கிறதுதான். அத நிப்பாட்டினா கொம்பிரசரும் நிண்டிரும். முதலாளி பூட்டித்தான் வெச்சிரிப்பார்."

புதுக் கொயில் போட்டு ஸ்டார்ட்டரைப் பெட்டிக்குள் பூட்டினாள். தட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். தடங்கலில்லாமல் போய்த் திரும்பியது. முன்னாலும் பின்னாலும் டோர்ச் அடித்துப் பார்த்தாள். மரத்தூள்கூட இல்லை. மீட்டரைப் பெட்டியின் கதவில் தொங்கவிட்டாள். நானூறு வோல்ட்டுக்குக் கிட்ட நின்றது. சுவிட்சைப் போட்டதும் மெசின் ஓடியது. நாளைக்குச் சுவிட்சையும் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சரிந்தது. வேலைக்கு நிற்கும் பெடியன்கள் கடைசிக் கட்டிகளை மெசினுக்குள் தள்ளிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். இப்றாஹிம் நானா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

"மஹ்ரிப் தொழுகைக்குப் போய்ட்டு வாறன். நீங்களும் வெளிய வந்து நில்லுங்க தங்கச்சி. பொழுதுபட்டா அந்தப் பெட்டிக்குள்ள கைய வெக்க வேணா."

"ஏன் நானா?"

"வெக்க வேணா எண்டு சொல்றன்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

இவர்தான், என்று யசோதினி முடிவு கட்டினாள். என்னை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கட்டை வைப்பார். வரட்டும். அவள் வெளியே போவதுபோலப் போய், உப்புத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் மறைந்துகொண்டாள். அங்கிருந்து பெட்டியும் தெரியும், மீட்டரும் தெரியும். போனில் படம் எடுக்கத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அக்கரையில் ஓட்டமாவடியின் லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பாங்கு சொல்லத் தொடங்கியது. தலைக்கு மேலே இருந்த பல்ப் மஞ்சளாகி, பிறகு சிவந்து, தன் கம்பியையே காட்டிக்கொண்டு சுருங்கியது. மீட்டர் இறங்கியது. முந்நூறு. இருநூற்று ஐம்பது. தட்டு டறறற என்று ஒரு தரம் அடித்து, டக்கென்று விட்டது. மெசின் வேகம் குறைந்து, வாய் நிறைய ஐஸோடு நின்றது. மீட்டர் திரும்ப ஏறியது. இனித் தட்டு உள்ளே போகவேண்டும்.

போகவில்லை.

கொயில் உறுமியது. இழுக்கிறது, ஆனால் தட்டு வரவில்லை. மீட்டரோ வேண்டிய அளவு காட்டுகிறது. வோல்டேஜ் காரணமில்லை என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. உறுமல் கூடிக்கொண்டே போனது. வார்னிஷ் வேகும் நாற்றம் வந்தது; அதற்குள்ளே வேறொரு மணம், வீட்டு அடுப்பில் மரம் கருகும்போது வருகிற மணம்.

பெட்டிக்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை. அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாய்கூட வரவில்லை.

பிறகு எல்லாம் ஒன்றாக அணைந்தது. பல்ப், மீட்டர், அக்கரை, துறை. பாங்கு பாதிச் சொல்லில் நின்றது. கொம்பிரசர் முனகி முனகி ஓய்ந்தது. இவ்வளவு நேரமும் அந்தச் சத்தத்துக்குள் நின்றவளுக்கு இப்போது தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ தோணி ஒன்று கட்டையில் இடித்தது.

அதற்குள்ளே இன்னொரு சத்தம். இரும்பில் இரும்பு உரசும் சத்தம். சரக்... சரக்... நின்றது. மறுபடி சரக்.

மெசினின் வாய்க்குள்ளிருந்து வந்தது.

யசோதினி போன் லைட்டைப் போட்டாள்.  ஏணியின் அடியில் ஒரு சோடிச் செருப்பு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. வீட்டு வாசலில் அப்படிக் கழற்றிப் போடாதே, தரித்திரம் என்று எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பாள். இடது செருப்பின் வார் அறுந்து, நீலக் கம்பித் துண்டால் கட்டியிருந்தது. அந்தக் கம்பியைக் கடையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தவளே அவள்தான். செருப்பு ஈரமாக இருந்தது.

மேலே ஓர் இருமல். காலையில் பல் தீட்டும்போது இருமுவானே, அதே இருமல்.

பயந்து ஓடியிருக்க வேண்டும். அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டானே என்றுதான் தோன்றியது. அந்தப் பயத்துக்குள்ளேயும் அவளுக்கு அழுகையாக வந்தது. மூன்று மாதமாகக் கேளாத இருமல்.

"இஞ்சருங்க," என்றாள்.  மறுபடி கத்தினாள். "இஞ்சருங்க! இறங்குங்க! கறண்ட் வரப்போகுது!"

சரக்... சரக்...

கதவுக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால், தூரத்தில் ஒரு தொகுதி லைட்டுகள் பளிச்சென்று வந்தன. பிறகு அதற்கு இப்பால் ஒரு தொகுதி. பகுதி பகுதியாகக் கறண்ட் விடுகிறார்கள். கிட்டக் கிட்ட வருகிறது.

அவள் பெட்டிக்கு ஓடினாள். சுவிட்சை அணைத்தாள். அணைந்ததா இல்லையா? அந்தச் சனியனை நம்பமுடியாது. மெயின் பூட்டிய அறைக்குள். ஸ்டார்ட்டர்ப் பெட்டியின் கதவை இழுத்து லைட்டைப் பிடித்தாள்.

கிளிப்.

ஸ்டார்ட்டருக்குள், தட்டோடு இறுகச் செருகி, மரக் கிளிப்பின் பாதி. நுனியில் கொஞ்சம் கருகியிருந்தது. மற்ற நுனியில் ரோசா நிறம். போன கிழமை நிருஷா கியூட்டெக்ஸ் போத்தலைக் கவிழ்த்து, கொடியில் கிடந்த ஒரு கிளிப்புக்கு நகச்சாயம் பூசி விளையாடினாள். அந்தக் கிளிப்.

பின்னேரம் இரண்டு பக்கமும் லைட் அடித்துப் பார்த்த இடம். அப்போது இல்லை.

யோசிக்க நேரம் இல்லை. கட்டை. இதுதான் கொன்றது. இது இருக்கும்வரை கறண்ட் வந்தால் மெசின் ஓடும். அவன் உள்ளே நிற்கிறான். இதைக் கழற்றிவிட்டால் போதும். கழற்றிவிட்டால் இந்தமுறை அவன் இறங்கி வருவான்.

இழுத்தாள். வரவில்லை. ஆற்றுப் பாலத்து லைட்டுகள் வந்துவிட்டன. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நகம் பிய்ந்தது. சரக்... சரக்... இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். துறையின் முதல் லைட். முழுப் பலத்தோடு இழுத்தாள்.

வந்தது.

கிளிப் கையில் இருந்தது. தட்டு அசையவில்லை. அது ஏற்கெனவே வெளியேதான் நின்றது. கிளிப்பை எடுத்த இடத்தில், தட்டுக்குப் பின்னால், இருண்ட சின்ன இடைவெளி ஒன்று இப்போது திறந்து கிடந்தது. சதீசன் அதை வெளிப்பக்கம் வைக்கவில்லை. உள்ளே வைத்திருந்தான். தட்டு உள்ளே போகாமல் தடுக்க. கறண்ட் வந்தாலும் மெசின் ஓடாமலிருக்க. தான் உள்ளே நிற்கும்போது.

கழட்டின நான்தான் என்று இப்றாஹிம் நானா சொன்னார். எப்போது கழற்றினீர், கறண்ட் வருமுன்னா வந்த பிறகா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேலே சுரண்டும் சத்தம் நின்றது. பிறகு, கொடியடியிலிருந்து கூப்பிடுகிற அதே சாதாரணக் குரலில்:

"யசோ, கிளிப் இரிக்குதானே?"

அவள் திரும்பச் செருகப் பார்த்தாள். விரல் வழுக்கியது. இரத்தம். இடைவெளி பிடிபடவில்லை. "இல்ல! இறங்கு! இறங்..."

பல்ப் எரிந்தது.

டக்.

இப்றாஹிம் நானா ஓடி வந்து அவளைப் பிடித்து இழுத்தபோது மெசின் ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் ஐஸ் கொட்டியது. வெள்ளை ஐஸ், சுத்தமான ஐஸ். ஏணியடியில் செருப்பு இல்லை. அவர் மேலே ஏறிப் பார்க்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. அவளுடைய கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தார். அந்த ஈரத் தரையிலேயே, தொப்பியோடு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொடியில் கிளிப் குறையவில்லை.

யசோதினி புதுக் கிளிப்புகள் வாங்கிக் கொடி நிறையக் கொழுவி வைத்தாள். சதீசனின் பழைய சட்டையைக் காயப்போட்டு அதன் கொலரிலும் கொழுவினாள். விடிய எழும்பி எண்ணிப் பார்ப்பாள். எல்லாம் இருக்கும். எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கொடியைப் பார்த்து அழுதுகூடப் பார்த்தாள். கேதீஸ்வரி அக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, நிருஷாவைத் தூக்கிக்கொண்டு போனார். சதீசன் கட்டை வைக்கவில்லை என்று இப்போது யசோதினிக்குத் தெரியும். அதை யாரிடம் சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒரு பின்னேரம், உடுப்பு எடுக்கக் கொடியடிக்குப் போனவேளையில் போன் அடித்தது. றிஸான்.

"தங்கச்சி, சொல்லத்தான் எடுத்தன். நீங்க வந்து போனதுக்குப் பிறகு கொயில் ஒரு தரமும் எரியல்ல. நல்ல கை உங்கட." குரலுக்குப் பின்னால் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. "சுவிட்சையும் மாத்தோணும் எண்டு கனகசிங்கம் அண்ணன் சொன்னார். பாப்பம், இப்ப நல்லா ஓடுதுதானே... ஆ, கறண்ட் போய்ட்டு. பொறுங்க."

மெசின் வேகம் குறைந்து நின்றது. போனுக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம்.

பிறகு, றிஸானுக்கு வெகு பின்னால், சரக்... சரக்...

"றிஸான் நானா," என்றாள் யசோதினி. "நானா, அந்தத் தட்டு... அதுக்குள்ள ஏதாவது... ஒரு மரத்துண்டு..."

"என்ன தங்கச்சி? விளங்கல்ல."

சுரண்டும் சத்தம் நின்றது. ஓர் இருமல். பிறகு அந்தச் சாதாரணக் குரல், எந்தக் கோபமும் இல்லாமல், அவள் கீழே நிற்கிறாள் என்ற நம்பிக்கையோடு:

"யசோ, கிளிப் இரிக்குதானே?"

அவளுடைய முகத்துக்கு நேரே, கொடி முழுக்க, ஒன்றும் குறையாமல் கிளிப்புகள் நின்றன.

"ஆ, வந்திட்டு," என்றார் றிஸான்.

டக்.

ஒரே இழுப்பில், சுத்தமாக, தட்டு ஒட்டியது.